காவலனின் நெற்றி விளக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பொம்மைகளைக் கண்டாலே ஆகாது. என் அக்கா வீட்டுக்காரர் நாற்பத்தைந்து வயதில் கண்ணாடி அலமாரி நிறையப் பொம்மை வைத்திருக்கிறார் என்று வெளியில் சொல்லக்கூட எனக்குக் கூச்சம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க ஆட்களைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருகிறவனுக்கு இதையெல்லாம் ரசிக்கப் பொறுமை எங்கே இருக்கும்.

மாமாவுக்குப் பல் கட்டும் வேலை. டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் மூத்த தொழிலாளி. நாற்பது பேருக்குப் பல் செய்தால் நாற்பதும் வேறு வேறு மஞ்சளாக இருக்கும், கடையில் வாங்கிய பல் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. "ஊர்ல பாதிப் பெருசுங்க சிரிக்கறது உங்க புண்ணியத்துலதான்" என்று நான் கேலி செய்தால், "சிரிச்சா போதாது மாப்ள, கடிக்கணும்" என்பார். அப்படி ஒரு சாதுவான மனிதர். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லாமல் இருந்து, ஆசை விட்டுப்போன பிறகு பிறந்தவள் குட்டி. இரண்டு வயது. அவள் ஒரு தும்மல் போட்டால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

சரி, பொம்மைக்கு வருகிறேன். விண்வெளிக் கதை ஒன்றைப் படமாக எடுக்கிறார்கள் என்றால், கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஓவியர்கள் உட்கார்ந்து வரைந்து தள்ளுவார்களாம். வில்லன் இப்படி இருக்கலாமா, அவன் வண்டி அப்படி இருக்கலாமா என்று நூறு விதம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மிச்சத்தை மூலையில் போட்டுவிடுவார்கள். மூலையில் கிடந்ததைப் பிற்காலத்தில் ஒரு கம்பெனி தூசி தட்டி எடுத்துப் பொம்மையாகச் செய்து விற்கும். என் மாமா சேர்ப்பது அதைத்தான். படத்தில் வந்த உருவத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

"வந்தவனைத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே மாப்ள. வேணாம்னு ஒதுக்கினவனை நாம பாக்கலைன்னா வேற யாரு பாப்பா?"

அவர் அலமாரியில் முதல் மரியாதை காவலனுக்கு. வேற்றுக் கிரகத்து நகரம் ஒன்றின் வாசலில் நிற்கிற காவலன். படத்தில் அவன் இரும்புத் தொப்பி போட்ட சாதாரணச் சிப்பாயாக வந்து, வந்த வேகத்தில் செத்துப்போவான். முதலில் வரைந்த படத்தில் அப்படி இல்லை. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், கண் மூக்கு வாய் எதுவும் கிடையாது, நெற்றியில் மட்டும் சின்னத் தண்டில் ஒரு விளக்கு. அந்த விளக்கு தனித் துண்டு. நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும், நெற்றித் துளையில் செருகிக்கொள்ள வேண்டும். உலகத்தில் இந்தக் காவலனை வாங்கிய எல்லாரும் முதலில் தொலைப்பது இந்த விளக்கைத்தானாம்.

இவர்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. எல்லாம் பேரன் எடுக்கிற வயதுக்காரர்கள். அவர்கள் பாஷையில் எல்லாத் துண்டும் சேர்ந்திருக்கிற பொம்மை 'முழுசு', ஒன்று போனாலும் 'குறை'. தொலைந்துபோன துண்டைக் கையால் செய்து மாட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும். கையால் செய்ததைக் கம்பெனித் துண்டு என்று ஒருவருக்குக் கொடுத்தால் கதை முடிந்தது. அந்த ஆளோடு அப்புறம் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நீதிபதி மாதிரி இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து அவர் 'கம்பெனிதான்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. மாமாவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வாடா போடாதான், திட்டாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார்கள். இரண்டு பேரிடமும் காவலன் இருந்தான், இரண்டு பேருடையதும் குறை. வருஷக்கணக்காக விளக்குத் தேடினார்கள்.

பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி போய்ச் சேர்ந்தார். மனிதர் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். குளிப்பதில்லை, போனை எடுப்பதில்லை. அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பல் செட் வைக்கிற டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டு நெற்றி விளக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த உதிரிப் பையில் கிடைத்ததாகச் சொன்னார். "எது வேணுமோ எடுத்துக்கடா."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், ஒன்றை எடுத்துத் தன் காவலனின் நெற்றியில் செருகினார். செருகிவிட்டு அழுதார். பிளாஸ்டிக் துண்டைப் பார்த்து ஒரு ஆம்பிளை அழுததை நான் அன்றுதான் பார்த்தேன், சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். கொஞ்ச நாளில் அவர் கடை திறந்தது. மாமாவின் காவலனும் முழுசானான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மாமா பொம்மைகளை இறக்கித் தரையில் விரித்த துணியில் வரிசையாக வைத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். லேபிலிருந்து போன். சிக்னல் கிடைக்காமல் பால்கனிக்குப் போயிருக்கிறார். அறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டார். சமையலறையில் இருந்த அக்காவுக்கு முதலில் இருமல் சத்தம் கேட்டது. குட்டிக்கு அந்த வாரம் முழுக்கச் சளி, அதனால் அவளும் உடனே ஓடவில்லை. இருமல் நிற்காமல் வரவும் ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தை முகமெல்லாம் சிவந்து கண்ணில் தண்ணீர். கையில் காவலன். நெற்றியில் விளக்கு இல்லை.

அக்கா அவளைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள். ஒன்றும் வரவில்லை, இருமல் மட்டும் நின்றது. எனக்குப் போன் வந்தது. எல் போர்டு மாட்டிய காரில் அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். முன்னால் போன வண்டிக்காரன் ஒதுங்காததற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பிப்போய் அந்த அறையைச் சல்லடை போட்டுச் சலித்தேன். கட்டிலடி, அலமாரிச் சந்து, விரிப்பின் மடிப்பு, துடைப்பத்துக்குள்கூடப் பார்த்தேன். விளக்கு இல்லை.

நான் திரும்பிப் போனபோது எக்ஸ்ரே வந்திருந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். குட்டி அக்கா மடியில் சுருண்டிருந்தாள். மூச்சு விடும்போது மெல்லிசாக ஒரு விசில் சத்தம்.

"இதுல எதுவும் தெரியல. ஆனா பிளாஸ்டிக்னா எக்ஸ்ரேல தெரியாது. அந்தத் துண்டு எதுல செஞ்சது?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பல் செட் செய்யற பிளாஸ்டிக் பவுடர்ல செஞ்சது டாக்டர். நான்தான் செஞ்சேன். உள்ள கம்பி வச்சிருக்கேன்."

"கம்பியா? நிச்சயமா?"

"பல்லுக்குக் கொக்கி போடற கம்பி. தண்டு உடையாம இருக்க."

"கம்பின்னா பளிச்னு தெரிஞ்சிருக்கும். அப்ப உள்ள இல்ல. எங்கயாவது உருண்டு போயிருக்கும். இந்த விசில் சளியாலயும் இருக்கலாம். மருந்து தரேன், வீட்ல வச்சுப் பாருங்க."

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. அடப்பாவி மனுஷா, வெளிநாட்டு உதிரிப் பை என்றெல்லாம் அளந்தீரே, எல்லாம் உம் கைவேலையா? வெளியே போய் நன்றாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மருந்துச் சீட்டை வாங்கினேன்.

மாமா வராந்தாக் குழாயடியில் நின்றிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, கை கழுவவில்லை. நான் குழாயை மூடினேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நான் ரெண்டு செஞ்சேன்."

"தெரியும். டப்பாவுல பாத்தேனே."

"முதல்ல செஞ்சதுல கம்பி வைக்கல. உடைஞ்சுடுமோன்னு தோணவும் ரெண்டாவதுல வச்சேன். பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம் எது எதுன்னு எனக்கே தெரியல. அப்ப அதுல பெருமை வேற. அவன் ஒண்ணை எடுத்துக்கிட்டான். மிச்சம் இருந்ததைத்தான் நான் மாட்டினேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. எங்கள் வீட்டில் இருந்தது கம்பி வைத்ததாக இருந்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. கம்பி வைக்காததாக இருந்தால், அந்தச் சுத்தமான எக்ஸ்ரேவுக்கு அர்த்தமே இல்லை. துண்டு அவள் நெஞ்சுக்குள் இருக்கலாம்.

டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் கோபப்படவில்லை, அறை முழுக்கத் தேடியும் துண்டு கிடைக்காததையும் சேர்த்து முழுசாகக் கேட்டார். "உள்ள இருக்குன்னு உறுதின்னா இப்பவே மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடுவேன். இருக்கோ இல்லையோன்னா, இவ்வளவு சளியோட இருக்கற குழந்தைக்கு மயக்கம் கொடுக்க நானே பயப்படறேன். சளி இறங்கட்டும்னு காத்திருக்கலாம். ஆனா உள்ள இருந்து, அது நகர்ந்து அடைச்சிடுச்சுன்னா நமக்கு நேரம் இருக்காது. ஸ்கேன் எடுக்கலாம்னா மிஷின் ரிப்பேர்ல கிடக்கு. எந்தத் துண்டுன்னு தெரிஞ்சுக்க வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு" என்றார் மாமா.

மறுபடி வராந்தா. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மூளையைக் கசக்கினேன். பொய் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு, லைசென்ஸ் நிச்சயம் என்று எல்லாரிடமும் சொல்கிற தொழில்.

"ஏன் மாமா உண்மையைச் சொல்லணும்? காந்தம் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. சும்மா ஒரு சோதனைன்னு."

"அந்தக் கம்பி காந்தத்துல ஒட்டாது. உடைச்சாத்தான் தெரியும்."

"சரி, குழந்தைக்காக உடைடான்னு சொல்லுங்க."

"எதுக்குன்னு கேப்பான். கம்பெனித் துண்டுல கம்பி இருக்காதுன்னு என்னைவிட அவனுக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் கடைசியில அங்கதான் வந்து நிக்கும்."

உள்ளே குட்டி இருமினாள். மாமா எண்ணை அழுத்தினார். நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுடா வெட்டிப்பயலே" என்றது போன்.

"அலமாரிகிட்ட போ. காவலனோட நெத்தி விளக்கைக் கழட்டு. கழட்டி இடுக்கியால உடை. உள்ள கம்பி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமை அதுவுமா உனக்கு என்னடா ஆச்சு?"

"குட்டி எங்க வீட்டு விளக்கை முழுங்கிட்டாளோன்னு சந்தேகம். ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"அட கடவுளே. குழந்தை எப்படிடா இருக்கா? அதுல ஏதுடா கம்பி? கம்பெனிக்காரன் கம்பி வைக்க மாட்டானே."

"அது கம்பெனி இல்லடா. நான் செஞ்சது."

லைன் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"ரெண்டும் நான் செஞ்சதுதான். ஒண்ணுல கம்பி இருக்கு, ஒண்ணுல இல்ல. நீ எதை எடுத்தன்னு எனக்குத் தெரியல. உன்கிட்ட கம்பி இருந்தா எங்ககிட்ட இருந்தது வெறும் பிளாஸ்டிக். அப்ப அது உள்ளதான் இருக்கு. உடைச்சுப் பாருடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் வந்தது. அலமாரிக் கண்ணாடி திறக்கிற சத்தம், ஒரு இழுப்பறையைத் துழாவுகிற சத்தம். மாமா சுவரைப் பார்த்து நின்றார். எனக்கு நேர்த்திக்கடன் மாதிரி ஒன்று மனதுக்குள் ஓடியது, இனி யாரையும் கத்த மாட்டேன், இந்த ஆளைப் பொம்மைக்காரர் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று. பயம் வந்தால் நானும் பேரம் பேசுகிறவன்தான்.

'டக்' என்று கேட்டது.

"கம்பி இருக்கு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மாமா ஓடிவிட்டார். டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை. போன் என் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அவர் இன்னும் இருந்தார், மூச்சுச் சத்தம் கேட்டது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"இதைப் பாத்துத்தான்டா நான் கடையைத் திறந்தேன்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

குட்டியை உள்ளே கொண்டு போனார்கள். அக்கா மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முதல்ல நீங்க கம்பி இருக்குன்னு சொன்னதும் அப்படியே வீட்டுக்குக் கிளம்பியிருந்தோம்னா?" கேட்டுவிட்டு அவளே அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், நகம் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டுச் சின்னக் கிண்ணம் ஒன்றை நீட்டினார். பஞ்சின் மேல் விளக்கு கிடந்தது. வலது பக்கம், நுரையீரலுக்குப் போகிற வழியில் செருகிக்கொண்டு இருந்ததாம். குழந்தை நன்றாக மூச்சு விடுகிறாள், கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம் என்றார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போய் என் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரிப்பதற்கு யாரும் இல்லை.

குட்டி தேறிவிட்டாள். மாமா அடுத்த கூட்டத்துக்குத் தானாகவே போய் நடந்ததைச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. குழந்தையை விசாரித்தார்கள். அதற்கப்புறம் கூட்டம் எங்கே நடக்கிறது என்ற தகவல் அவருக்கு வருவது நின்றுபோயிற்று. நான்தான் குதித்தேன். பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு நியாயமா, துக்கத்தில் கிடந்தவனை எழுப்பத்தானே செய்தார், இவர் என்ன கொலையா செய்துவிட்டார் என்று. மாமா, "விடு மாப்ள, நியாயம்தான்" என்று முடித்துவிட்டார். கூட்டத்தை அவர் தாங்கிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் போனை எடுக்காததைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போது போன் அடித்தால் எச்சில் கையோடு எடுத்துப் பார்ப்பார்.

ஒருநாள் கண்ணாடி மாற்ற வேண்டும், காரை எடு என்றார். பவர் ஏறிவிட்டது, பல்லின் விளிம்பு சரியாகத் தெரியவில்லையாம்.

"வேற கடைக்குப் போலாம் மாமா. இந்த ஊர்ல கண்ணாடிக்கடைக்கா பஞ்சம்?"

"அங்கதான் போகணும். நல்லாத் திட்டட்டும். நாலு அறை விட்டாலும் சரி. திட்டிட்டான்னா தீந்துடும் மாப்ள, எனக்கு அவனைத் தெரியும்."

போனோம். கடையில் கூட்டமில்லை. கண்ணாடிக்கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். நான் வாசல் ஓரமாகவே நின்றுகொண்டேன். அடி விழுந்தால் தடுக்கலாம் என்று ஒரு எண்ணம்.

"வாங்க சார். உக்காருங்க" என்றார்.

மாமா உட்கார்ந்தார். அவர் மாமாவின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டினார், வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா சார்? கீழ் வரியைப் படிங்க சார்." குரலில் கோபம் இல்லை. எல்லாரிடமும் பேசுகிற மாதிரி, பதமாகப் பேசினார்.

"டேய்" என்றார் மாமா.

அவர் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துப் பெட்டியில் வைத்தார். "குழந்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. வீடெல்லாம் ஓடறா."

"அது போதும் சார்" என்றார். "கண்ணாடி நாளைக்கு ரெடியாயிடும். பையனை விட்டு வீட்டுக்கே அனுப்பிடறேன். நீங்க அலைய வேண்டாம்."

வெளியே வந்து மாமா காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாங்கிக் கட்டிக்கொள்ள ஆசையாகப் போன மனிதருக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அதைவிட வலிக்கிற அடி ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

"ஒரு வார்த்தை திட்டல மாப்ள" என்றார்.

குட்டிக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று அவர் நூறு தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எல்லா அப்பனும் சொல்வதுதானே என்று விட்டிருக்கிறேன். அவர் கொடுத்துவிட்டார், அது என்ன என்று அந்தக் கடை வாசலில்தான் எனக்கு உறைத்தது. அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறி உட்கார்ந்தார், நான் வண்டியை எடுத்தேன்.